‘வெறும் பரீட்சைதானே’ என்று சொல்லிவிட்டேன்

ஒவ்வொரு நவம்பரிலும் வாட்ஸப்பில் அதே படங்கள் வரும். பள்ளிக்கூட வாசலில் கைகூப்பி நிற்கும் கொரிய அம்மாக்கள். மாணவனைப் பின்னால் உட்காரவைத்துப் பறக்கும் போலீஸ் பைக். கீழே, "ஒரு தேர்வுக்காக விமானங்களையே நிறுத்தும் நாடு" என்று ஒரு வரி. நான் சில காலம் கொரியாவில் வேலை பார்த்தவன் என்பதால் யாராவது ஒருவர் அதை எனக்கு அனுப்பி, "இதெல்லாம் நிஜமா சார், இல்ல சும்மா அடிச்சு விடறாங்களா?" என்று கேட்பார்.

நிஜம்தான். எந்த அளவுக்கு நிஜம் என்று கீழே விவரமாக எழுதுகிறேன். ஆனால் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்கு விமானம் காரணம் இல்லை. 2017 நவம்பரில், அந்தத் தேர்வை எழுதப் போகிற மூன்று பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லப் போய், சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். வழக்கமாக அதோடு முடிந்திருக்கும். அந்த வருஷம் மட்டும், அதுவரை நடக்காத ஒன்று நடந்து, சொன்னதைத் திருத்திக்கொள்ள எனக்கு ஒரு வாரம் கிடைத்தது.

நான் ‘ஆசிரியர்’ ஆன கதை

அப்போது சுவோன் நகரில் இருந்தேன். சியோலுக்குத் தெற்கே, ரயிலில் போனால் ஒரு மணி நேரத்துக்குள். வேலை மென்பொருள். சனிக்கிழமை சாயங்காலம் என்ன செய்வது என்று தெரியாமல், குடியிருப்புக்குப் பக்கத்து நூலகத்தில் ஆங்கில உரையாடல் வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டேன். சம்பளம் கிடையாது. வகுப்பு என்பதும் பெரிய வார்த்தை. ஒரு மேஜையைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்து, சினிமா, சாப்பாடு, மழை என்று பேசுவோம். அவ்வளவுதான்.

கொரிய மொழியில் ஆசிரியரை ‘ஸொன்செங்நிம்’ என்பார்கள். சீன எழுத்தில் பார்த்தால் ‘முன்னால் பிறந்தவர்’ என்று பொருள், அதோடு ஒரு மரியாதை விகுதி. நூலகரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதனால் அந்த வகுப்பைக் கவனித்துக்கொண்ட நூலகர் அம்மாவை நான் ஸொன்செங்நிம் என்பேன், அவர் என்னை ஸொன்செங்நிம் என்பார். ஒருத்தரை ஒருத்தர் சார், மேடம் என்று கூப்பிட்டுக்கொள்ளும் நம்ம ஊர் ஆபீஸ் மாதிரிதான்.

வந்தவர்களில் மூன்று பேர் ‘கோ-சாம்’. இரண்டு பெண்கள், ஒரு பையன். கோ-சாம் என்றால் மேல்நிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு, நம்ம பிளஸ் டூ. "வீட்ல பிளஸ் டூ இருக்கு" என்று நாம் சொல்லும்போது குரல் எப்படித் தாழுமோ, அதே தொனிதான் அங்கேயும். டிவி சத்தம் குறையும், சொந்தக்காரர்கள் வருவது நிற்கும். கோடை விடுமுறைக்குப் பிறகு மூன்று பேரும் என் மேஜைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அதே கட்டடத்தின் மேல் மாடியில் இருந்த படிப்பறையில்தான் ராத்திரி வரை இருப்பார்கள் என்று நூலகர் சொன்னார்.

அவர்கள் வராததில் எனக்கு வருத்தம் இல்லை, காரணம் புரிந்துதான் இருந்தது. நான் செய்தது பேச்சு ஆங்கிலம். அந்தத் தேர்வில் பேச்சு கிடையாது.

சுநுங் என்றால் என்ன

தேர்வின் முழுப் பெயரைத் தமிழாக்கினால் ‘கல்லூரியில் கற்கும் திறனுக்கான தேர்வு’ என்று வரும். சுருக்கமாக சுநுங். 1993-இல் தொடங்கியது. முதல் வருஷம் மட்டும் ஆகஸ்டிலும் நவம்பரிலும் இரண்டு தடவை நடத்திப் பார்த்துவிட்டு, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டார்கள். பல வருஷங்களாக நவம்பரில் ஒரு வியாழக்கிழமை.

அந்த ஒரு நாளின் கணக்கு இது. காலை 8:10-க்குள் உள்ளே போய்விட வேண்டும். 8:40-க்கு கொரிய மொழி, 80 நிமிஷம், 45 கேள்வி. 10:30-க்குக் கணிதம், 100 நிமிஷம், 30 கேள்வி. சாப்பாட்டு இடைவேளை. மதியம் 1:10-க்கு ஆங்கிலம், 70 நிமிஷம், 45 கேள்வி. பிறகு கொரிய வரலாறும் விருப்பப் பாடங்களும். 2017-இல் இரண்டாவது அயல்மொழி எடுத்தவர்கள் வெளியே வரும்போது மணி 5:40 ஆகியிருக்கும், இருட்டிவிடும். நம்ம ஊரில் மூன்று வாரம் பரப்பி வைப்பதை அவர்கள் ஒரே நாளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இப்போது விமானம். ஆங்கிலத் தேர்வின் முதல் 25 நிமிஷம் ஒலிபெருக்கியில் கேட்டுப் பதில் எழுதும் பகுதி, 17 கேள்வி. அந்த நேரத்துக்காக 1:05-லிருந்து 1:40 வரை, 35 நிமிஷம், நாடு முழுக்க எந்த விமான நிலையத்திலும் விமானம் ஏறாது, இறங்காது. வானத்தில் இருப்பவை உயரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவசர விமானங்களுக்கு மட்டும் விலக்கு. நாள் முழுக்க நிறுத்துவார்கள் என்று வாட்ஸப்பில் வருவது மிகை. அதேபோல் அரசு அலுவலகங்கள் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கும், பங்குச் சந்தை 9 மணிக்குப் பதிலாக 10 மணிக்குத் திறக்கும். பிள்ளைகள் போகும் நேரத்தில் சாலை காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக. நேரமாகிவிட்ட மாணவனைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவதும் உண்மைதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘இந்த ஒரு நாள்தான் தலையெழுத்து’ என்று எழுதுவது முழு உண்மை இல்லை. 2017 வாக்கில் முக்கால் பங்குக்கு அருகில் கல்லூரி இடங்கள் ‘சூசி’ என்ற முன்கூட்டிய சேர்க்கையில், பள்ளி மதிப்பெண், நேர்காணல் இவற்றை வைத்து நிரம்பின. ஆனால் அதிலும் பல கல்லூரிகள் ‘சுநுங்கில் இந்தத் தரத்துக்குக் குறையக் கூடாது’ என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கும். ஆக, முன்வாசல் வழியாகப் போனாலும் பக்கவாசல் வழியாகப் போனாலும் இந்த நாளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நவம்பர் 11, சனிக்கிழமை

அந்த வருஷத் தேர்வு நவம்பர் 16, வியாழன். அதற்கு முந்தைய சனிக்கிழமை நூலகர் அம்மா, "மூணு பேரையும் அஞ்சு நிமிஷம் கீழ வரச் சொல்றேன், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

நான் தயாராகத்தான் போனேன். ‘குட் லக்’ என்பதைக் கொரியனில் சொன்னால் நன்றாக இருக்குமே என்று அகராதியில் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதிர்ஷ்டம் என்பதற்கு ‘ஜேசு’ என்று ஒரு சொல் கிடைத்தது. நூலகர் அம்மா என் நோட்டைப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்தச் சொல்லை மட்டும் அடித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு காரணம் சொன்னார். ‘ஜேசு’ என்றால் அதிர்ஷ்டம் என்பது சரிதான். ஆனால் அதே ஒலியில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: இந்த வருஷம் கோட்டைவிட்டுவிட்டு அடுத்த வருஷம் மறுபடியும் சுநுங் எழுதுவது. கோ-சாம் பிள்ளையிடம் போய் "உனக்கு ஜேசு வாய்க்கட்டும்" என்றால் அது எப்படிக் காதில் விழும்? இது வேடிக்கை மட்டும் இல்லை. அந்த வருஷம் விண்ணப்பித்த 5 லட்சத்து 93 ஆயிரம் பேரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் பள்ளியை ஏற்கெனவே முடித்துவிட்டவர்.

அந்தக் கண்ணியில் தப்பித்தேன். அடுத்ததில் விழுந்தேன்.

மூன்று பேரும் வந்தார்கள். நூலகச் செருப்பு, கலைந்த தலை, கண்ணுக்குக் கீழே கருப்பு. பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன்: "கவலைப்படாதீங்க. இது வெறும் பரீட்சைதானே. வாழ்க்கை இதைவிடப் பெரிசு."

இரண்டு பெண்களும் தலை தாழ்த்தி நன்றி சொன்னார்கள். பையன் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான், "ஸொன்செங்நிம், உங்க நாட்டில அது வெறும் பரீட்சைதானா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. பிளஸ் டூ மார்க்கோடு நுழைவுத் தேர்வு மார்க்கையும் கூட்டிக் கட்-ஆஃப் போட்ட காலத்து ஆள் நான். கவுன்சலிங்கில் கால் மார்க், அரை மார்க்குக்காக எங்க அப்பா காலேஜ் லிஸ்டை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். அந்த மார்க் இல்லாவிட்டால் பி.இ. இல்லை, பி.இ. இல்லாவிட்டால் சுவோனில் அந்த மேஜையும் இல்லை. பரீட்சையில் தேறி அங்கே வந்து உட்கார்ந்துகொண்டு, அதை எழுதப் போகிறவனிடம் "இது ஒண்ணும் பெரிசு இல்ல" என்கிறேன்.

"இல்ல, எங்க ஊர்லயும் இப்படித்தான்" என்றேன். அவன் தலையாட்டினான். மூன்று பேரும் மாடிக்குப் போய்விட்டார்கள். அன்று பெப்பெரோ தினம், 11-ஆம் மாசம் 11-ஆம் தேதி. நாலு ஒன்றுகள் குச்சி குச்சியாக நிற்பதால் சாக்லேட் தடவிய குச்சி பிஸ்கட்டை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். நான் வாங்கி வைத்திருந்த மூன்று பாக்கெட்டும் கொடுக்க மறந்து பையிலேயே இருந்தது.

ஊர் என்ன சொல்கிறது

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைத்தான் தேடிப் படித்தேன். கொரியர்கள் சுநுங்குக்கு முன்னால் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறார்கள்?

முதலில் கண்ணில் பட்டது, பெரும்பாலும் சொல்வதே இல்லை, கொடுக்கிறார்கள் என்பது. ‘யொத்’ என்று பல்லில் ஒட்டும் ஒரு மிட்டாய், அரிசியையும் முளைகட்டிய பார்லியையும் வைத்துக் காய்ச்சுவது. பசை அரிசியில் செய்யும் கொழுக்கட்டை மாதிரி ஒன்றும் உண்டு. ஏன் இவை? கொரிய மொழியில் ‘ஒட்டுவது’, ‘தேர்ச்சி பெறுவது’ இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். பள்ளி வாசல் கதவில் யொத்தை ஒட்டிவிட்டுக் கும்பிட்ட அம்மாக்கள் உண்டு. நேர்மாறாக, கடற்பாசி சூப் அன்றைக்கு ஆகாது. வழுக்கும். ‘வழுக்கினான்’ என்றால் ‘தேறவில்லை’. முள்கரண்டியைப் பரிசாகக் கொடுப்பார்கள், ‘குத்துவது’ என்ற சொல்லுக்கு ‘தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போடுவது’ என்றும் பொருள். கழிப்பறைக் காகிதச் சுருளும் பரிசுதான். சுருளை ‘அவிழ்ப்பதற்கும்’ கணக்கை ‘அவிழ்ப்பதற்கும்’ ஒரே சொல். சிலேடைப் பிரியர்களான நமக்கு இது புரியாமலா போகும்.

யொத் என்றதும் ஒரு பழைய வழக்கையும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பரில் சியோலில் நடுநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. யொத் காய்ச்சும்போது முளைகட்டிய தானியத்துக்குப் பதிலாக எதைப் போடலாம் என்று ஒரு கேள்வி. சரியான விடை ‘டயஸ்டேஸ்’ என்று அறிவித்தார்கள். ஆனால் விடைப் பட்டியலில் ‘முள்ளங்கிச் சாறு’ என்றும் இருந்தது, முள்ளங்கியில் டயஸ்டேஸ் உண்டு என்று பாடப் புத்தகத்திலேயே இருந்தது. ஒரு கேள்வியில் பிள்ளைகளின் இடம் போய்விட்ட அம்மாக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முள்ளங்கிச் சாறு ஊற்றி நிஜமாகவே யொத் காய்ச்சி, பானையோடு கல்வி அலுவலகத்துக்குப் போய் நின்றார்கள். வழக்கு நீதிமன்றம் போய், 1965-இல் 38 பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. சில வருஷங்களில் அந்த நுழைவுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் போய் "வெறும் பரீட்சைதானே" என்றிருக்கிறேன். விமானத்தை நிறுத்தும்போதும், பங்குச் சந்தையைத் தாமதமாகத் திறக்கும்போதும், பல்கொங் மலையில் தொப்பி போட்ட கல் புத்தர் முன்னால் நூறு நாள் கும்பிடும்போதும் ஊர் அந்தப் பிள்ளையிடம் ஒன்றைத்தான் சொல்கிறது: "நீ செய்வது பெரிய காரியம். எங்களுக்குத் தெரியும்." இது பிள்ளைகளின் தோளில் கூடுதல் பாரம்தான், மறுக்கவில்லை. தூக்கமில்லாத பிள்ளைகளைப் பார்த்தால் இந்த முறை நல்லதா என்று கேட்கத்தான் தோன்றும். ஆனால் அதைக் கேட்க வேண்டியது தேர்வு நடத்துபவர்களிடம். பாரத்தைத் தூக்கிக்கொண்டு பாதி மலை ஏறியவனிடம் "இது பாரமே இல்லை" என்றால் பாரம் குறையாது. இவ்வளவு நாள் தூக்கினது மட்டும் அர்த்தமில்லாமல் போய்விடும்.

நவம்பர் 15, புதன்கிழமை

தேர்வுக்கு முந்தைய நாள் மதியம். ஆபீஸில் எல்லாருடைய மொபைலும் ஒரே நேரத்தில் அலறியது. அவசரச் செய்தி. படித்து முடிப்பதற்குள் நாற்காலி லேசாக ஆடியது. தென்கிழக்குக் கரையில் போஹாங் நகரில் 2:29-க்கு நிலநடுக்கம், 5.4 அளவு. 1978-இல் கருவிப் பதிவு தொடங்கியதிலிருந்து கொரியாவில் வந்தவற்றில் இரண்டாவது பெரியது. (பக்கத்தில் நடந்த புவிவெப்ப மின் திட்டம்தான் அதைத் தூண்டிவிட்டது என்று 2019-இல் அரசு ஆய்வுக் குழு சொன்னது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

போஹாங்கில் தேர்வு மையமாக இருந்த பள்ளிகளின் சுவர்களில் விரிசல். பின்அதிர்வுகள் வந்துகொண்டே இருந்தன. ராத்திரி 8 மணிக்கு மேல் கல்வி அமைச்சர் டிவியில் வந்து தேர்வை ஒரு வாரம் தள்ளிவைப்பதாக அறிவித்தார். நவம்பர் 23. மாநாடுகளுக்காகத் தேதியை முன்கூட்டியே மாற்றியது உண்டு. இயற்கைச் சீற்றத்துக்காகக் கடைசி ராத்திரியில் தள்ளியது அதுதான் முதல் தடவை.

வினாத்தாள்கள் அதற்குள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டன, அவற்றுக்கு ஒரு வாரம் போலீஸ் காவல். வினாத்தாள் தயாரிப்பவர்கள், சரிபார்ப்பவர்கள், அச்சடிப்பவர்கள் என்று சுமார் 700 பேரைத் தேர்வு முடியும் வரை போனும் இணையமும் இல்லாமல் தனி இடத்தில் அடைத்து வைப்பது வழக்கம். ஒரு மாசத்துக்கு மேல் உள்ளே இருந்த அவர்களுக்கு இன்னும் ஒரு வாரம் கூடியது. பிள்ளைகள் நிலைமைதான் பரிதாபம். ‘இனி வேண்டாம்’ என்று பல பேர் முந்தைய நாளே புத்தகங்களைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அந்த ராத்திரி பள்ளிகளின் குப்பைக் குவியலில் டார்ச் அடித்துத் தங்கள் புத்தகத்தைத் தேடிய பிள்ளைகளைச் செய்தியில் காட்டினார்கள்.

மார்க் போடாத ஆசிரியர்

அந்த வாரம் இன்னொரு காரியமும் செய்தேன். அந்த ஜூன் மாசத்து மாதிரித் தேர்வின் ஆங்கிலத் தாளை இறக்கி, கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தேன். கேட்டல் பகுதி போக மீதி 28 கேள்விக்கு 45 நிமிஷம். ஒன்றுக்கு 96 விநாடி. அதற்குள் தத்துவம், பொருளாதாரம், உயிரியல் என்று எங்கிருந்தோ பிய்த்தெடுத்த ஒரு பத்தியைப் படித்து, நடுவில் விட்டிருக்கும் கோடிட்ட இடத்துக்குள் எந்தச் சொற்றொடர் பொருந்தும் என்று ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினைந்து வருஷமாக ஆங்கிலத்தில் மெயில் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். கோடிட்ட இடத்தில் இரண்டும் வாக்கிய வரிசையில் ஒன்றும் தப்பு.

கொரியாவில் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். அரசுப் பள்ளிகளுக்கு அவர்களை எடுக்கும் ‘எபிக்’ திட்டம் 1995-இல் தொடங்கியது. பிள்ளைகள் ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்பது நோக்கம். ஆனால் சுநுங்கின் ஆங்கிலத் தாளில் பேச்சும் இல்லை, கட்டுரையும் இல்லை, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். அதனால் மேல்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது அந்த ஆசிரியருக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது. 2010-களின் தொடக்கத்தில் செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தபோது சியோல் நகரம் முதலில் கைவைத்ததும் மேல் வகுப்புகளில்தான்.

நான் அந்த விசாவில் போனவன் இல்லை, ஓசி ஆசிரியர். ஆனாலும் இதை யோசித்தபோது ஒன்று புரிந்தது. அந்தப் பிள்ளைகளைச் சுற்றி இருக்கிற எல்லாருக்கும் அவர்கள் மார்க்கில் ஏதோ ஒரு பங்கு இருக்கிறது. அம்மா அப்பாவுக்கு உண்டு. பள்ளி ஆசிரியருக்கு உண்டு. ராத்திரி பத்து மணி வரை நடக்கும் தனிப்பயிற்சி மையத்துக்குக் கட்டாயம் உண்டு, போன வருஷம் தேறியவர்கள் பெயர்தான் வாசல் பேனரில் தொங்கும். பங்கே இல்லாத ஆள் நான் ஒருத்தன்தான். அவர்களுக்கு என்னால் ஒரு மார்க்கைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அப்படிப்பட்டவன் சொன்னால், வேறு கணக்கு எதுவும் இல்லாமல் சொல்கிறான் என்று அவர்களுக்கே தெரியும். அந்த வசதியை "வெறும் பரீட்சை" என்று சொல்லி நான் வீணடித்திருந்தேன்.

நவம்பர் 18, சனிக்கிழமை

நூலகர் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, இந்தத் தடவை என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். அவர் என் நோட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: ‘குதொங்ஆன் சுகோ மானாஸ்ஸொ.’

‘குதொங்ஆன்’ என்றால் இத்தனை நாளாக. ‘சுகோ’ என்றால் பாடு, சிரமம் எடுத்துச் செய்யும் உழைப்பு. ‘மானாஸ்ஸொ’ என்றால் நிறைய இருந்தது. "இத்தனை நாளா ரொம்பப் பாடுபட்டுட்டே." சுகோ என்ற சொல்லை நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சாயங்காலம் ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொள்வார்கள். ‘பை பை’ மாதிரி ஒன்று என்று நினைத்திருந்தேன். (வயதில் பெரியவர்களிடம் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவது மரியாதை இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. பெரியவர் சின்னவருக்குச் சொல்வதில் தப்பில்லை.)

எனக்கு உறைத்தது அந்த வினையின் காலம். தேர்வு இன்னும் நடக்கவில்லை, ஆனால் சொல்வது இறந்த காலத்தில். ‘நல்லா எழுது’, ‘ஜெயிச்சுட்டு வா’, ‘ஆல் தி பெஸ்ட்’ எல்லாம் எதிர்காலத்தைப் பார்த்துச் சொல்வது. வியாழக்கிழமை என்ன நடக்கும் என்பதைப் பொறுத்தது. ‘பாடுபட்டுட்டே’ என்பது ஏற்கெனவே நடந்து முடிந்த விஷயம். வினாத்தாள் எப்படி வந்தாலும் அதை யாரும் திருத்த முடியாது.

மூன்று பேரும் வந்தார்கள். போன வாரத்தைவிடக் களைப்பாக இருந்தார்கள். ஒரு பெண் தூக்கி எறிந்த புத்தகங்களில் பாதிதான் திரும்பக் கிடைத்ததாம். நான் எழுந்து நின்று அந்த வரியைச் சொன்னேன். உச்சரிப்பு தப்பு. அந்தப் பெண் சிரித்துவிட்டு, "மா-னா-ஸ்ஸொ" என்று பிரித்துச் சொல்லிக் காட்டினாள். இன்னொருத்தியும் சேர்ந்துகொண்டாள். மூன்று தடவை சொல்ல வைத்தார்கள். மூன்றாவது தடவை பையன், "இப்ப சரி" என்றான். போன வாரம் நான் அவர்களுக்கு வாழ்க்கையைப் பற்றிப் பாடம் நடத்தினேன், இந்த வாரம் அவர்கள் எனக்கு ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலம் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன், சுநுங் அன்று எப்போதும் குளிரும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பெப்பெரோவையும் கொடுத்தேன். இந்தத் தடவை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு

23-ஆம் தேதி தேர்வு நடந்தது. பிறகு பார்த்தபோது அந்தப் பெண் ஒரு விஷயம் சொன்னாள். 2004-இல் மொபைல் வைத்துக் காப்பியடித்த ஒரு பெரிய மோசடி வெளியே வந்த பிறகு, அடுத்த வருஷத்திலிருந்து எல்லா மாணவர்களும் விடைத்தாளில் ஒரே வரியைத் தங்கள் கையெழுத்தில் எழுத வேண்டும் என்று விதி வந்தது. ஆள் மாறாட்டத்தைக் கண்டுபிடிப்பதற்கு. அந்த வரியைப் பெரும்பாலும் ஏதாவது ஒரு கொரியக் கவிதையிலிருந்து எடுக்கிறார்கள். "அதை எழுதறப்ப கை நடுங்கறது நின்னுடுச்சு" என்றாள். பாதுகாப்புக்காகப் போட்ட விதி, யாரோ ஒரு அதிகாரி நல்ல வரியாகத் தேர்ந்தெடுத்ததால், தைரியம் சொல்கிற வேலையையும் செய்கிறது.

டிசம்பர் 12 மதிப்பெண் வந்தது. பெண்கள் இருவருக்கும் ஓரளவு நினைத்த இடம் கிடைத்தது. பையனுக்குக் கணிதம் சறுக்கிவிட்டது. ஜேசு செய்யப் போகிறேன் என்று நூலகத்துக்கு வந்து சொன்னான். என்ன சொல்வது என்று ஒரு நொடி தடுமாறினேன். ‘ஆல் தி பெஸ்ட்’ சொல்லியிருந்தால் அது அன்றோடு காலாவதி. பிறகு அதே வரியைச் சொன்னேன். குதொங்ஆன் சுகோ மானாஸ்ஸொ. உச்சரிப்பைத் திருத்துவான் என்று பார்த்தேன். திருத்தவில்லை, தலை தாழ்த்தினான்.

கிளம்பும்போது, ஜனவரியிலிருந்து சனிக்கிழமை மேஜைக்கு மறுபடியும் வரலாமா என்று கேட்டான். பேச்சு ஆங்கிலம் சுநுங்கில் வராதே என்று நினைவுபடுத்தினேன்.

"தெரியும், ஸொன்செங்நிம்" என்றான்.